பாப்பா படத்தின் பின்பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மில்லுக்குப் போகிறவர்களும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுமாக, எங்களுடையது போக இருபத்தொரு வீடுகள். நான் ஒரு பம்ப் செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். அது சம்பளத்துக்கு. மனதுக்குள் நான் ஒரு பத்திரிகை ஆசிரியர்.

பத்திரிகை என்றால் கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. நோட்டில் குண்டு குண்டாக எழுதி, அட்டை போட்டு, முதல் வீட்டில் கொடுத்துவிடுவேன். அவர்கள் படித்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கதை, வீட்டு வைத்தியம், குழாயடிச் செய்தி எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு வரி கருத்து எழுத இடம் விட்டிருப்பேன். இருபத்தொரு வீட்டிலிருந்தும் ‘அருமை’ என்று எழுதி வரும். சில வீடுகளில் ‘மிக அருமை’. ஆறு மாதம் நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அப்புறம் ஒருநாள் சந்தேகம் வந்தது. ‘அருமை’ என்று எழுதிய பக்கத்து வீட்டு அக்காவிடம், கதையில் கடைசியில் அந்தப் பையன் செய்தது சரியா என்று கேட்டேன். “நல்லாத்தானுங்க அம்மணி செஞ்சான், பாவம்” என்றார். கதையில் பையனே கிடையாது.

அடுத்த இதழில் ஒரு வேலை செய்தேன். ஆறாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் குறுக்காக ஒரு பருத்தி நூல் இழையை வைத்து, இரண்டு நுனியிலும் பொட்டுப் பசை தடவினேன். எங்கள் லைனில் நூலுக்கா பஞ்சம்? யாராவது அந்தப் பக்கத்தை விரித்தால் இழை அறுந்துவிடும். நோட்டு இருபத்தொரு வீடும் சுற்றி, இருபத்தொரு ‘அருமை’யோடு திரும்பி வந்தது. இழை அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் ஊர் மரியாதையின் மேலேயே அன்று கோபம் வந்தது. முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்ல மாட்டார்கள். உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் “நல்லாருக்குதுங்க” என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். பொங்கல் வரைக்கும் பார்ப்பது, ஒரே ஒருத்தராவது நிஜமாகப் படித்தார் என்று தெரியாவிட்டால் பேனாவை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுத்து எனக்கு வருமா வராதா என்று அப்போது தெரிந்தாக வேண்டியிருந்தது.

நோட்டைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துப் பார்த்தேன். நீல மையில் வரிவரியாக, பத்திரப் பதிவு ஆபீஸ் காகிதம் மாதிரி இருந்தது. நானே படிக்க மாட்டேன். இதற்குப் படம் வேண்டும்.

டவுனில் பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பாய் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அளவுக்கு வெட்டியது போக மிஞ்சிய ஓரங்கள், பழைய காலண்டர்கள், மூலை மடங்கிப்போன வழவழப்புப் படங்கள் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கும். கேட்டதும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். “எடுத்துட்டுப் போங்க அம்மணி. இத்தன ரோசாப்பூவெ வச்சு என்னதான் பண்ணுவீங்களோ!”

விஷயத்துக்கு ஏற்ற படம் தேடுகிற வசதியெல்லாம் எனக்கு இல்லை. இருக்கிற படத்தை ஒட்ட வேண்டியதுதான். வாரம் ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரைப் பற்றிய கட்டுரைக்கு மேலே பனிமலையும் ஏரியும். கொள்ளுப் பருப்பு செய்முறைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி அன்னம். பல்வலிக்குக் கிராம்பு வைக்கும் வைத்தியத்துக்கு, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் ஒரு கொழுகொழு பாப்பா. பொருத்தம் என்று பார்த்தால் அந்தப் பாப்பாதான் கொஞ்சம் பொருத்தம்.

நானே அசந்துபோனேன். அதுவரை வீட்டுக்கு ஒருநாள் தூங்கிய நோட்டுக்கு இப்போது அடிதடி. “ஏனுங்க, எங்கூட்டுக்கு இன்னும் வல்லீங்களே” என்று குழாயடியில் கேட்டார்கள். பனிமலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கட்டுரையை இரண்டு பேர் சத்தம் போட்டுப் படித்ததை என் காதாலேயே கேட்டேன். முதல் வீட்டில் எட்டிப் பார்த்தபோதே, இந்த இதழிலும் நான் ஒட்டியிருந்த நூல் இழை அறுந்திருந்தது. நான் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தேன்.

அது மார்கழி இதழ். அதற்கு நன்றாகவே பாடுபட்டு ஒரு கதையும் எழுதியிருந்தேன். ஒரு பெண்ணின் தோடு திருடு போகிறது. திருடியவர் யாரென்று தெரியாமல், அவள் நியாயம் கேட்க ஆனைமலைக்குப் பஸ் ஏறுகிறாள், மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூச. பூசினால் திருடியவருக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. போகிற வழியில், எடுத்தது சொந்தத் தங்கைதான் என்று தெரிகிறது. ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்கிறாள். அரைத்தாளா, இல்லையா? அதைப் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தத் தாளின் முன்பக்கத்தில்தான் பொக்கை வாய்ப் பாப்பா.

இதழ் சுற்றி வந்தது. திறந்தேன். நோட்டில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை.

பனிமலையைக் காணோம். அன்னங்களில் ஒன்றை மட்டும் அறுத்து எடுத்திருந்தார்கள். பாப்பாவைக் கத்தரிக்கோலால் அழகாக, நேர்கோடு பிசகாமல் வெட்டியிருந்தார்கள். பாப்பாவோடு என் கதையின் முடிவும் போயிருந்தது. என்னிடம் வேறு பிரதி கிடையாது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இருபத்தொரு ‘அருமை’. ஒரு வீட்டில் மட்டும் ‘படம் மிக மிக அருமை’.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்திருப்பேன். வீடு வீடாகப் போனேன். ஆனால் எங்கள் ஊரில் வாசலில் நின்று சண்டை போட முடியாது. “வா கண்ணு, உக்காரு” என்பார்கள். உட்கார்ந்ததும் காபி வரும். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏன் என் நோட்டை அறுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? ஆறு வீட்டில் ஆறு காபி குடித்தேன். பனிமலை ஒரு பிள்ளையின் ஸ்கூல் ஆல்பத்தில் இருந்தது. அன்னம் தலையணை உறையில் பாதி தைத்த பூவேலையாக இருந்தது. எல்லோரும் எனக்கே எடுத்துக் காட்டி, நல்லாருக்குதா என்று வேறு கேட்டார்கள். நானும் “நல்லாருக்குதுங்க” என்றேன்.

ஏழாவது வீட்டில் பாப்பா கிடைத்தது. அந்த வீட்டு மருமகளுக்கு ஏழு மாதம். டாக்டர் எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எந்நேரமும் கட்டிலில்தான். அழகான குழந்தையின் முகத்தில் தினமும் விழித்தால் பிறக்கிற குழந்தையும் அப்படியே இருக்கும் என்று, கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் மாமியார் ஒட்டியிருந்தார். சோற்றைப் பிசைந்து, நான்கு மூலையும் அழுத்தி, நடுவிலும் தடவி. என் முடிவு சுண்ணாம்புச் சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தது.

“கேக்காம வெட்டிப்போட்டனுங்க அம்மணி. தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் மாமியார். அந்தப் பெண் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தொட்டு உரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். மாமியார் காபி போட உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். “அக்கா, அவ மொளகா அரைச்சாளுங்களா?”

எனக்குப் புரியவில்லை. “எவ?”

“தோடு தொலச்சவ. நான் ஆட்டாங்கல்லு வரைக்கும் படிச்சுப்போட்டுக் கண்ணசந்துட்டனுங்க. முழிச்சுப் பாக்கறதுக்குள்ள அத்தெ வெட்டி ஒட்டிப்போட்டாங்க. பாப்பாவெப் பாக்கறப்பெல்லாம், இதும்பொறத்தால என்ன இருக்குதோன்னு அதே நெனப்பு.”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முடிவைச் சொன்னேன். தங்கையின் முகம் நினைவுக்கு வருகிறது, அவள் மிளகாயை அங்கேயே கொட்டிவிட்டு அரைக்காமல் ஊர் திரும்புகிறாள். எழுதும்போது நானே கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அது.

“செரியில்லீங்க்கா” என்றாள் அவள்.

“என்னது?”

“முடிவு செரியில்லீங்க. பஸ்ஸு ஏறும்போது, ‘என்ற பொருளெத் தொட்டது யாரா இருந்தாலும் கையி எரியோணும்’னு அவளே சொல்றாளுங்களே. அத்தன வைராக்கியம் புடிச்சவ சும்மா திரும்பி வருவாளாக்கும்? அரைச்சுத்தானுங்க இருப்பா. அரைச்சுப்போட்டு, அப்பறமா அழுதிருப்பா.”

காபி டம்ளரோடு வந்த மாமியார் பதறிவிட்டார். “ஊடு தேடி வந்தவங்ககிட்ட இப்படியா புள்ள பேசறது? அம்மணி நல்லாத்தான் எழுதுது, நீ சும்மா இரு.”

முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. பஸ் ஏறும்போது அவள் சொல்வதாக நான் எழுதிய வரி எனக்கே மறந்துபோயிருந்தது. இவள் அதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்கிறாள். அந்தக் காபியைக் குடிக்கக்கூட முடியாமல் அழுதேன். அத்தனை சந்தோஷம். மாமியார் மருமகளை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார்.

பொங்கலுக்குப் பேனாவை மூடவில்லை. தை இதழில் முடிவை மாற்றி எழுதினேன். அவள் மிளகாயை அரைத்தாள், அரைத்துவிட்டு அழுதாள். மற்ற பக்கங்களில் ரோஜாவும் நீர்வீழ்ச்சியும் தாராளமாக ஒட்டி, நோட்டை முதலில் ஏழாவது வீட்டில் கொடுத்தேன். கதையின் முடிவு இருந்த அந்த ஒரு தாளில் மட்டும் இரண்டு பக்கமும் படம் எதுவும் ஒட்டவில்லை.