துரையின் காருக்கு வழி

போன வாரம் அட்டன் பஜாரில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய ஜீப் ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது. ஆட்டோ ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். "யாரோ பெரிய ஆள் போல, கொஞ்சம் ஒதுங்கிக் குடுங்க தம்பி" என்றேன். "எவனா இருந்தா என்னங்க, அவனும் ரோட்ல போறான், நாமளும் ரோட்ல போறோம்" என்று அவர் பாட்டுக்கு ஓட்டினார். எனக்கு மட்டும் கால் தானாக வெளியே நீண்டுவிட்டது. இறங்கி நிற்கப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு பழக்கம் காலில் ஒட்டிக்கொண்டிருப்பதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை.

அந்த ஜீப் கடைசியில் எங்களைத் தாண்டிப் போனபோது, மழையில் நனைந்த புகை முகத்தில் அடித்தது. எங்கள் தோட்டத்து லொறிக்கும் அதே வாசனைதான். அதோடு ஈரச் சாக்கும் தேயிலைத் தூளும் சேர்ந்திருக்கும். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தேயிலைப் பெட்டிகளை அட்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு ரசீது வாங்கி வருவது என் வேலை. அதனால் வாரம் இரண்டு முறை லொறியில் முன் சீட்டுச் சவாரி.

லொறி டிரைவர் முத்தையா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவர் என்னை 'ஐயா' என்பார், நான் அவரை வெறும் 'முத்தையா' என்பேன். தோட்டத்தில் அப்படித்தான். அவர் சட்டையின் வலது கை மட்டும் எப்போதும் வெளுத்து, ஈரமாக இருக்கும். அந்தக் காலத்து லொறியில் சிக்னல் விளக்கு ஏது? வலப் பக்கம் திரும்ப வேண்டுமானால் கையை நேரே நீட்ட வேண்டும், இடப் பக்கம் என்றால் வட்டமிட வேண்டும், நிறுத்துவதென்றால் மேலே தூக்க வேண்டும். அட்டன் மழையில் நாள் முழுக்க இதைச் செய்தால் சட்டை என்ன ஆகும்? அவர் மனைவி லெட்சுமி அந்த ஒரு கையை மட்டும் அடுப்புக்கு மேலே காட்டிக் காய வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸுக்கு அவரைத் தயார் செய்தவன் நான்தான். சட்டப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஏற்றத்தில் வரும் வண்டிக்கு இறக்கத்தில் வரும் வண்டி வழிவிட வேண்டும் என்று சொன்னபோது கண்ணைத் திறந்தார்.

"தொரை காரா இருந்தாலுமாங்க?"

"வண்டின்னுதான் போட்டிருக்கு முத்தையா. தொரைன்னு போடல."

தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். லைசென்ஸை எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பார். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, இல்லை என்று பதில் வந்த ஆள் அவர். அரசாங்க முத்திரைக்குப் பக்கத்தில் அவர் பேர் இருந்த ஒரே காகிதம் அதுதான். அதை வைத்துத்தான் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஒற்றைக் காம்பராவிலிருந்து தப்பித்து, ஃபெக்டரிக்குப் பக்கத்தில் டிரைவருக்கென்று இருந்த தனி வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு அறை, தனிக் குசினி. லெட்சுமி வாசலில் டேலியாச் செடி வைத்திருந்தாள்.

அரசாங்கச் சட்டம் அப்படி. தோட்டத்துச் சட்டம் வேறு. துரை கார் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். இது துரை பெரிய கிளாக்கரிடம் சொன்னது. பெரிய கிளாக்கர் என்னிடம் சொன்னார், நான் முத்தையாவிடம் சொன்னேன். வாய்வழியாகவே இறங்கி வந்த உத்தரவு. ஒருநாள் அட்டன் பஜாரில் துரை காரைக் கண்டும், இது அரசாங்க ரோடுதானே என்று முத்தையா இறங்காமல் வந்துவிட்டார். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால், துரை தன்னுடைய தோட்டத் தமிழில் கேட்டார்: "நம்மளைத் தெரியாதா?" அன்றைக்கு முத்தையாவுக்குப் பேர் இல்லை. லொறி ஓட்டியும் கூலி கிடையாது என்று அர்த்தம். அந்தப் பேரை வெட்டிய பேனாவும் என்னுடையதுதான். உத்தரவு டவுனுக்கும் சேர்த்துத்தான் என்று எங்கள் இருவருக்கும் அன்று விளங்கியது.

பிறகு அந்த ஆனி மாதத்து மழை நாள். டவுனுக்குள் ஏறும் மேட்டில் பெட்டிச் சுமையோடு லொறி முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. கிளீனருக்குக் காய்ச்சல், வரவில்லை. எதிரே இறக்கத்தில் துரை கார். முத்தையா ஓரம் கட்டி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்து இறங்கினார். நானும் இறங்கினேன். அவர் துண்டை எடுத்தார், நான் தொப்பியை எடுத்தேன். துரை ஒரு விரலை உயர்த்திவிட்டுப் போனார். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவது கிளீனர் வேலை. கட்டை சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. துரையைப் பார்த்த பதற்றத்தில் இருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. கார் வளைவில் மறைந்ததும் லொறி மெல்லப் பின்னால் உருண்டது. பின்னே மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருடைய கால் முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது.

கான்ஸ்டபிள் வந்து "மொகத உனே?" என்று கேட்டார், என்ன நடந்தது என்று. முத்தையா சிங்களம் நன்றாகவே பேசுவார். அன்று சீட்டுக்கு அடியில் கிடந்த கட்டையை எடுத்துக் காட்டினார்.

வழக்கு வந்தது. நடுரோட்டில் வண்டியை விட்டு ஏன் இறங்கினாய் என்பதுதான் கேள்வி. தோட்டத்து உத்தரவு என்று நிரூபித்தால் லைசென்ஸ் தப்பலாம், சாட்சிக்கு இந்தக் கிளாக்கர் போதும் என்றார் முத்தையாவுக்காக வாதாடிய பிரக்கிராசி. விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த உத்தரவு எழுத்துல இருக்கா?"

"இல்லீங்க."

"எழுத்துல இல்லாதது எப்படி உத்தரவாகும்? யோசிச்சுப் பேசு. ஒன் வீட்லயும் நாலு பேரு சாப்புடுறாங்க."

கோர்ட்டில் முத்தையா "தொரை கார் வந்துச்சுங்க" என்றபோது பெஞ்சுகளில் சிரிப்புக் கிளம்பியது. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அப்படி ஓர் உத்தரவு உண்டா என்று நீதவான் கேட்டார். மரியாதைக்காக ஒதுங்குவது வழக்கம், உத்தரவு எதுவும் எனக்குத் தெரியாது என்றேன். நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல் சொன்னேன். முத்தையா என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க என்ன செய்வீங்கய்யா" என்று சொல்லிவிட்டு, மழையில் நடந்தே தோட்டத்துக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். லைசென்ஸ் பறிபோனதால், ஒரு கிழமைக்குள் டிரைவர் வீட்டைக் காலி செய்து லயத்துக்குத் திரும்பினார்கள். அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறினார். நான் அடுத்த வருஷம் இரண்டாம் கிளாக்கர் ஆனேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் இந்த நாட்டுக்காரர். முதல் கிழமையிலேயே, தன் காருக்கு யாரும் இறங்க வேண்டாம், நேரம் வீணாகிறது என்றார். அந்த உத்தரவு எழுத்தில் இல்லாததால் ரத்துச் செய்யவும் எழுத்து தேவைப்படவில்லை. நான் வேலை மெனக்கெட்டு மலை ஏறி, முத்தையாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். நல்ல சேதி கொண்டு போகிறோம் என்ற நினைப்பு வேறு எனக்கு.

அவர் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். "நல்லதுங்கய்யா. ஆனா எறங்குறதுக்கு ஒரு வண்டி வேணும்ல" என்றார்.

பிறகு அவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று தெரியாது. டிரைவர் வீடு இருந்த இடத்தில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. கையை நீட்டி வண்டி திருப்புகிறவர்கள் இல்லை. துரையும் பெரிய கிளாக்கரும் செத்துப்போய்விட்டார்கள். நீதவானும் பிரக்கிராசியும் இன்று இருக்க வழியில்லை. அன்று கேட்டதை இனி யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு இருந்தது. அதை முத்தையாவிடம் சொன்னவன் நான்தான்.