நான் காட்டிக்கொடுத்த கலைமான்

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலுக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் வேலை அனுமதிக் கடுதாசியில் முதலாளி கையெழுத்து வைக்கவேண்டியிருந்ததால், அவர் எது சொன்னாலும் "வீ முசியே", ஓம் ஐயா, என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சிநேகிதர்களோடு வோஜ் மலைக்கு வேட்டைக்குப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நாலு மணித்தியாலம் ஏறியும் ஒரு மிருகமும் தட்டுப்படவில்லை. முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் ஈரமண்ணில் புதுக் குளம்படிகளைக் கண்டேன். அவற்றின் வழியே முன்னால் போனபோது, பைன் மரங்களுக்கு நடுவில் ஆளுயரக் கலைமான் ஒன்று நின்றது. அத்தனை அழகான மிருகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. கையைத் தட்டியிருந்தால் ஓடியிருக்கும். நான் தட்டவில்லை. திரும்பி முதலாளிக்கு விரலால் காட்டினேன்.

வெடி வயிற்றில் பட்டது. மான் விழுந்து கதறியது. அடுத்த வெடி வைக்காமல், அவர்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். அடங்கியதும் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைச் சேற்றிலேயே விட்டார்கள். முதலாளி என்னிடம் கொம்பைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

பிறகு அந்தப் படத்தை என் அறைத்தோழன் பார்த்தான்.

"அண்ணை, இதிலை சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறியள்?"

"ஓம்," என்றேன்.

கடுதாசி கிடைத்தது. அந்த மனிதர்கள்மேல் இருந்த அருவருப்பு வருடங்களோடு தேய்ந்துவிட்டது. ஆனால் என்னை அன்று ஒருவரும் சிரிக்கச் சொல்லவில்லை.