ஜீப்பின் பின்கதவும் ஒரு டென்னிஸ் சாம்பியனும்

இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது இது. நான் ஜீப் டிரைவர். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரியே சொல்வாள். அப்படிப்பட்டவன் பதினெட்டு வருடம் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் என் ஜீப்பின் பின்கதவுக் கொக்கி உடைந்திருந்தது. பட்டறையில் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். அதுவும் காய் எடுக்கிற சீசன். எங்களில் சிலர் செய்வதுபோல நானும் ஏலக்காய்ச் சாக்கு கட்டும் கயிற்றால் கதவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பள்ளிக்கூடம் லீவு என்று ராசிங்காபுரத்து அக்கா ஒருவர் தன் பத்து வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். உள்ளே மூச்சு விட இடமில்லை. "பாப்பா, கதவுல சாஞ்சு நின்னுக்க, அம்மா கையப் பிடிச்சுக்க" என்று சொன்னதே நான்தான்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் கயிறு அவிழ்ந்தது. பிள்ளை ரோட்டில் போய் விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பதற்கு முன்னால் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை உருவிப் பள்ளத்தில் எறிந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "தாய்க்காரி கைய விட்டுட்டா" என்றேன். ஊர் நம்பியது. பித்துப் பிடித்த மாதிரி கிடந்த அந்த அக்காவும் நம்பிவிட்டார்.

பிள்ளை மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கேதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி டென்னிஸ் ஆடக் கற்றுக்கொண்டாளாம். மாநில அளவில் ஜெயித்தாள். பிறகு தேசிய சாம்பியன். அப்புறம் வெளிநாட்டுப் போட்டிகள். பேப்பரில் கோப்பையோடு படம் வரும்போதெல்லாம் டீக்கடையில் "நம்ம ஊருப் புள்ளப்பா" என்று அந்தப் பேப்பர் கைக்குக் கை மாறும். என் பக்கம் வந்தால், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன்.

அவளுக்குத்தான் அந்தச் சனிக்கிழமை பாராட்டு விழா. தாயையும் மகளையும் அழைத்து வர விழாக்காரர்கள் என் ஜீப்பைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வாடிக்கையாகச் சோலி கொடுக்கிறவர்கள், மறுக்க முடியவில்லை. வீட்டு வாசலில் போய் நின்றேன். "நல்லாருக்கீங்களா மாமா?" என்று சிரித்தாள். கை கொடுக்கப் போனேன். "வேணாம் மாமா, பழகிருச்சு" என்றவள், இரண்டு கையையும் ஊன்றி ஒரே எம்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். போடி வந்து சேரும்வரை கண்ணாடியில் பின்கதவையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

மைதானத்தில் கல்லூரி அணியில் ஆடுகிற பெண் ஒருத்தி அவளோடு விளையாடினாள். அம்மாடி! ஒரே கையில் மட்டையையும் பிடித்துக்கொண்டு சக்கரத்தையும் தள்ளுகிறாள். பந்து மூலையில் விழுந்தால் நாற்காலி வட்டமடித்து அங்கே நிற்கிறது. சக்கர நாற்காலி ஆட்டத்தில் பந்து இரண்டு முறை குத்தும்வரை விடலாமாம். இவளோ பெரும்பாலும் ஒரே குத்தில் அடித்தாள். எதிரில் இரண்டு காலால் ஓடிய பெண்ணுக்குத்தான் மூச்சு வாங்கியது. நானும் என்னை மறந்து விசிலடித்தேன். அடித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து மாணவிகள் கேள்வி கேட்டார்கள். ஒருத்தி எழுந்து, இந்த விபத்து எப்படி நடந்தது என்றாள். மைக் தாயிடம் இருந்தது.

"எங்கையிலதேன் இருந்தா. நாந்தேன் விட்டுட்டேன்" என்றார்.

"எத்தன வாட்டி சொல்லிருக்கேன், நீ விடலம்மா" என்றாள் மகள்.

"இவ என்னையத் தேத்துறதுக்காகச் சொல்லுவா" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்கு எல்லாம் தெரியும்! தெரிந்தும், நான் பத்தடி தூரத்தில் நிற்கும்போது ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. விரல் நீட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் திரும்பாததைத்தான் தாங்க முடியவில்லை. கால் தானாக முன்னே போனது.

"அக்கா, நீங்க விடல. எங்கதவு கொக்கி உடைஞ்சிருந்துச்சு. கயித்துல கட்டியிருந்தேன். அதுதேன் அவுந்துச்சு. கயித்த வீசிட்டு உங்க மேல பொய் சொல்லிப்புட்டேன்."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் அருகில் வந்தாள்.

"தெரியும் மாமா. முதுகுக்குப் பின்னாடி கயிறு நழுவுனது இன்னும் ஞாபகமிருக்கு."

"எத்தனை பேப்பர்ல உன் பேட்டி வந்துச்சு. சொல்லிருக்கலாமே பாப்பா?"

"நீங்க இல்லைன்னு சாதிச்சிருப்பீங்க. அம்மா உங்களத்தேன் நம்பியிருக்கும். நீங்களா சொன்னாத்தேன் அதுக்கு ஆறும்."

அதற்குள் அந்த அக்கா எழுந்து வந்துவிட்டார். "அப்ப நான் விடலையா தம்பி?" என்றார். "விடலக்கா" என்றேன். தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு மறுபடி மறுபடி அதையே கேட்டார். மூன்றாவது முறையும் நான் "விடலக்கா" என்றதும், அந்தக் கையாலேயே என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். பிறகு மகளின் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, கேட்கவும் துணிச்சல் இல்லை. போன கால்களுக்காக என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காத அந்தப் பெண், தன் தாயின் கை மேல் விழுந்த பழி போகவேண்டும் என்று மட்டும் பதினெட்டு வருடம் பொறுத்திருந்தாள். அந்த மனசுக்கு முன்னால் நான் எவ்வளவு சின்ன ஆள் என்பது தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது நினைவுக்கு வருகிறது.