கடைசி வரிசையில் ஒரு சத்தம்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் முறுக்கி என்று பெயர். வைத்தவள் நான்தான். அவள் மூடிய பாட்டிலை வேறு யாராலும் திறக்க முடியாது. அவள் அடைத்த குழாயில் தண்ணீர் வேண்டுமென்றால் மாடியிலிருந்து அவளையே கூப்பிட வேண்டும். கார் தொழிற்சாலையில் நான்கு வருடமாக போல்ட் முறுக்குகிற கை. ஏழு பேர் போகிற பெரிய எஸ்யூவியில், கடைசி வரிசை வலது பக்கத்து சீட்டை அவள்தான் மாட்டுவாள். வண்டி அவள் முன்னால் நகர்ந்து போவதற்குள் போல்ட்டை எல்லாம் இறுக்கி, சீட்டை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்து அனுப்பிவிட வேண்டும். அத்தனை சீட் மாட்டியவள் ஒன்றிலும் உட்கார்ந்தது இல்லை.

அவள் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் வீட்டுக்காரருக்கு முதுகு போய்ப் படுத்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் மாடியில் அடுப்பு எரிகிறது. அந்தப் புது எஸ்யூவி நல்ல பெயர் வாங்கினால் சிலரை நிரந்தரமாக்குவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. "உன் பேரைத்தான் முதல்ல கொடுத்திருக்கேன்" என்று சூப்பர்வைசரே சொன்னாராம். அன்றைக்கு அவள் படியில் பாடிக்கொண்டே ஏறினாள். குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விற்பனைக்கு விடும் முன்பு வண்டியைக் கார் பித்தர்கள் சிலரிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டி, படம் பிடித்து, கருத்து சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் ஊரே வண்டி வாங்குமாம். நாங்கள் இருவரும் என் கைப்பேசியில் பார்த்தோம். ஒருவன் கதவைத் திறந்து திறந்து சாத்தி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடி ரசித்தான். இன்னொருவன் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "முறைச்சுக்கிட்டு நிக்கிற மாமனார் மாதிரி இருக்கு" என்றான். எஞ்சின் இழுவை பிரமாதம் என்று ஒருவன், இவ்வளவு பெரிய உடம்புக்குப் போதாது என்று ஒருவன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை குறை சொல்லமாட்டார்கள். முறுக்கி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியாக வந்தவரைப் பாம்புக்காது என்பார்கள். வண்டிக்குள் ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்வாராம். அவர் தனியாக ஓட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்டீங்களா? டக், டக்னு. கடைசி வரிசை, வலது பக்கம். யாரோ சீட்டை ஒழுங்கா முறுக்கல. இதுல குடும்பத்தை ஏத்தலாமான்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

"அண்ணி, அது என் சீட்டு" என்றாள்.

அந்தப் படத்துக்குக் கீழே கருத்து எழுதியவர்களோ, வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். சீட் கழன்று விழும் என்றே எழுதிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியைச் சுவரில் அடித்திருப்பேன். அது என்னுடையது என்பதால் விட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்கு அந்தப் பாம்புக்காது வர்றாரு. அதே வண்டிதான். நீயும் வா, உன் சீட்டுல நீயே உக்காந்து கேளு. போல்ட் லூசா இருந்தா நிரந்தரம் கிரந்தரம்னு என்கிட்ட வந்து நிக்காத. இந்த வேலையே நிக்குமான்னு தெரியாது."

அன்று மாலை அவள் என் சமையலறைக்கு வந்து, கேட்காமலே வாணலியின் கைப்பிடியை முறுக்கினாள். பிறகு கதவின் தாழ்ப்பாளை. "ஒரே ஒரு தடவை கை தவறியிருக்குமோ அண்ணி?" என்றாள். "உனக்கா? போடி" என்றேன். சொன்னேனே தவிர, அவள் போனதும் அந்தத் தாழ்ப்பாளை நானே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால், வண்டியைக் குலுக்கிப் பார்ப்பதற்கென்றே மேடும் பள்ளமுமாக ஒரு பாதை உண்டு. பாம்புக்காது ஓட்ட, சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார, இவள் நடு சீட்டை மடக்கிப் பின்னால் ஏறினாள். வண்டி முதல் மேட்டில் எகிறியது. சத்தமே இல்லை. இரண்டாவது, மூன்றாவது மேட்டிலும் இல்லை.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "எதையாவது அமுக்கிப் பிடிச்சிருக்கியா? கையைத் தூக்கு."

திருடியைப் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்தப் பாதை முழுக்கப் போனாள். அப்போதும் சத்தம் இல்லை. பாம்புக்காதுக்கு வியர்த்துவிட்டது. "அன்னைக்கு வந்துச்சு சார். என் காது பொய் சொல்லாது."

"நீ இறங்கு" என்றார் சூப்பர்வைசர்.

அவளை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் ஒரு சுற்று போய்வந்தார்கள். கண்ணாடி இறங்கியதும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வருது. நீ உக்காந்தா அமுங்குது, எந்திரிச்சா ஆடுது. அப்ப சீட்டு லூசுதானே?"

கேட்டால் அப்படித்தானே தோன்றும்? நான்கு வருடம் முறுக்கிய கை தன்னுடையதே இல்லை போலிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

ஆனால் பாம்புக்காது விடவில்லை. சத்தத்தைக் கிட்டத்தில் கேட்க வேண்டும் என்று, சூப்பர்வைசரை ஓட்டச் சொல்லிவிட்டு, தானே உடம்பை மடக்கிப் பின்னால் ஏறினார். குடும்பத்தை ஏற்றலாமா என்று ஊருக்கே உபதேசம் செய்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இடது சீட்டில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டார். வண்டி போனது. பாதி வழியிலேயே நின்றது. அப்படியே பின்னோக்கி வந்தது.

அவர் இறங்கவில்லை. உள்ளிருந்தபடியே கேட்டார். "ஏம்மா, நீங்க உக்காந்தப்ப பெல்ட் போட்டீங்களா?"

"போட்டேன் சார். பயமா இருந்துச்சு."

அவர் வலது பக்கத்து பெல்ட்டைக் காட்டினார். யாரும் உட்காராதபோது அதை மாட்டி வைக்கிற கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. அதன் நுனியிலிருந்த இரும்பு, குலுங்கும்போதெல்லாம் பக்கத்து பிளாஸ்டிக்கில் போய் இடித்தது. டக், டக்.

"பெட்டி எவ்வளவு பிடிக்கும்னு படம் எடுக்க நான்தான் இதைக் கழட்டி விட்டேன்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்க ஆளுங்க யாரும் இங்க உக்காரவே இல்ல. உக்காந்திருந்தா பெல்ட்டைப் போட்டிருப்போம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சூப்பர்வைசர் உள்ளே ஏறி சீட்டைப் பிடித்து உலுக்கினார். தோளையே கொடுத்துத் தள்ளினார். அது அசையவில்லை.

எதற்கும் ஒரு முறை என்று அவளை மறுபடி ஏற்றினார்கள். பெல்ட் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் பாம்புக்காது, ஓட்டுவது சூப்பர்வைசர். கடைசி மேடு வரை மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. சத்தம் வரவேயில்லை.

"அம்மா, இன்னைக்கே திருத்திச் சொல்லிடறேன். தப்பு என்னோடதுன்னே சொல்றேன்" என்றார் பாம்புக்காது. அவள் தலையை ஆட்டினாள்.

சூப்பர்வைசர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "சரி, உன் பேரு நான் கொடுத்தபடியே இருக்கும். போதுமா? இறங்கு. உன் இடத்துல ஆளில்ல, லைன் நிக்குது."

அவள் பெல்ட்டின் பட்டனில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"நிக்கட்டும் சார்" என்றாள். "இன்னொரு சுத்து போங்க."

சூப்பர்வைசர் வண்டியை எடுத்தார்.