டெஸ்ட்டுக்கு மட்டும் போடும் டயர்

இன்று வீடு மாறினோம். சாமான் ஏற்றிய லொறியில் டிரைவருக்குப் பக்கத்தில் நான். மடியில் பீங்கான் கோப்பைப் பெட்டி.

அம்பிட்டிய இறக்கத்தில் புதுத் தார்க் காபட் போடுவதற்காக ரோட்டைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். நீளவாக்கில் கோடு கோடாக வெட்டு. அதில் ஏறியதும் லொறி தன்பாட்டுக்குச் பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

“ஐயோ, என்னங்க இது?”

“முன் டயர் ரெண்டும் ஒரே மாதிரி இல்லைங்க டீச்சர். ஒன்னுல நேர்க்கோடு. அது ரோட்டு வெட்டுல மாட்டிக்கிட்டு இழுக்குது. மத்தது கட்டம் கட்டமா இருக்கு, அது மாட்டாது.” ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

“ஒரே மாதிரி வாங்கிப் போடக் கூடாதா?”

“இருக்கே! புது சோடி வீட்ல இருக்கு. வருசா வருசம் லொறிய டெஸ்ட்டுக்குக் கொண்டு போறப்ப மட்டும் மாட்டுவோம். தினமும் ஓட்டினா தேஞ்சிரும்ல?”

தூ! இதில் ஒரு பெருமை வேறு.

அடுத்த வளைவில், “பெட்டிய இறுக்கிப் பிடிங்க டீச்சர், கப்பு உடைஞ்சிரப் போகுது” என்றார்.

ஒன்றும் உடையவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கலாம் என்று நானும் கோப்பைகளை அலுமாரியில் பூட்டிவிட்டேன். ஆனால் கோப்பையில் ஏறி யாரும் மலை இறங்குவதில்லை.

நீங்கள் இன்று ஏறிய வண்டியின் நல்ல டயர் யார் வீட்டில் தூங்குகிறது? கேட்டுப் பார்த்தீர்களா?