‘தி’ போடணுமா என்று கேட்கும் போன்

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கத்தை கத்தையாக அடித்து அடித்தே, ஆங்கிலத்தில் எங்கே ‘தி’ வரும், எங்கே ‘எ’ வரும், ‘இன்’னா ‘ஆன்’னா என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தைகள் பிறந்து வேலையை விட்டபோது, அதெல்லாம் இனி எதற்கு என்றுதான் நினைத்தாள். புருஷன்காரர் அப்படி விட்டுவிடவில்லை.

அவருக்குப் பம்பு செட் விற்கும் கம்பெனியில் வேலை. பம்பைப் பிரித்துப் பூட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். வெளிநாட்டுக்காரனுக்கு நாலு வரி மெயில் எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். உடனே வீட்டுக்குப் போன்.

"இந்தாம்மா, திங்கட்கிழமை அனுப்புறோம்னு எழுதணும். ‘இன்’னா, ‘ஆன்’னா?"

"‘ஆன்’. போன வாரமும் இதையேதான் கேட்டீங்க. காதுல என்ன பஞ்சா?"

திட்டுவாளே தவிர, போன் அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வருவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனுஷர் டிவிக்கு முன்னால் வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல உட்கார்ந்துவிடுவார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் போனில்தான். "நான் இல்லேன்னா அவரால ஒரு வரி எழுத முடியாது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொள்ளும்போது அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஒருநாள் அந்தப் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. "மெயில் எழுத புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, கெட்டிக்காரி" என்று அவர் சாப்பாட்டு நடுவில் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணோடு அவர் சினிமாவுக்குப் போயிருந்தால்கூட இத்தனை வயிறு எரிந்திருக்காது. தன்னிடம் கேட்க வேண்டியதை அல்லவா அவளிடம் கேட்கிறார்!

மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனது நல்ல சாக்காகக் கிடைத்தது. இருப்பதிலேயே நல்லதை எடுத்து உடுத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

கதவருகிலேயே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "சார், இங்க ‘தி’ போடணுமா?"

"வேண்டாம்மா. எந்தப் பம்புன்னு அவன் இன்னும் சொல்லலையே. ‘எ’ போதும்." சொன்னது அவள் புருஷன்.

"எப்படி சார் பட்டுனு சொல்றீங்க?"

"எல்லாம் பழக்கம்தான்."

பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அந்தப் பெண் மேல் இருந்த பொறாமை மொத்தமும் அவர் மேல் திரும்பியது. தான் ஊட்டி வளர்த்ததை அவர் யாருக்கோ ஊட்டுகிறார், அதுவும் சொந்தச் சமையல் மாதிரி. கண்ணாடியை அவர் கையில் திணித்து, மாடிப்படிக்கு இழுத்து வந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

"நீ திட்டின திட்டுக்குத் தெரியாம இருக்குமா? சும்மா சும்மா உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்…"

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா? இனிமே எதுக்கு எனக்குப் போன் பண்ணுவீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார்.

"ஏன், வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்பேன்ல?"

அவள் படியிறங்கினாள். ஊரில் உள்ள புருஷன்மார் எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்.