வேலிக்கு இங்காலை வந்த பேடு

பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகம் படித்த காலத்தில் ஒரு கணக்கு என்னை மூன்று நாள் வாட்டியது. தடுப்பைத் தாண்டப் போதிய சக்தி இல்லாத இலத்திரன் என்ற நுண்துகள், அதன் மறுபக்கம் போய்ச் சேர்வதற்கான நிகழ்தகவு என்ன? எனக்கு விடை ஒன்றைவிடக் கூடுதலாக வந்தது. நூறு இலத்திரன் போய் நூற்றிருபது வெளியே வருகிறதாம்! பேனையைத் தூக்கி எறிந்தேன்.

முற்றத்தில் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்த அம்மா, "என்ன தம்பி?" என்றார்.

தென்னோலைக் கிடுகு வேலியைக் காட்டி விளக்கினேன். "மேலாலை பாயவும் ஏலாது. வேலியிலை பொட்டும் இல்லை. எண்டாலும் சிலது அங்காலை போய் நிக்கும்."

"விசர்க் கதை," என்றார் அம்மா.

பொட்டு என்பது அயலார் போய்வர வேலியில் விடும் வழி. பக்கத்து வீட்டோடு கோபித்து, எங்கள் பொட்டை அம்மா போன மாதம்தான் அடைத்திருந்தார். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

கணக்கைத் திரும்பவும் பார்த்தேன். ஓரிடத்தில் கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் போட்டிருந்தேன். திருத்தியதும் மிகச் சிறிய, ஆனால் பூச்சியமில்லாத விடை வந்தது.

அந்த நேரம் வேலிக்கு அங்காலையிருந்து பக்கத்து வீட்டு மாமியின் குரல் கேட்டது. "எங்கடை சிறகு வெட்டின சிவப்புப் பேடு உங்கை வந்ததோ?"

அம்மா கூட்டுக்குள் குனிந்து பார்த்தார். எங்கள் கோழிகளுக்கு நடுவில் அது சொகுசாக நின்றது.

"ஓம், நிக்குது," என்றார் அம்மா. "எப்பிடி வந்ததெண்டு என்னைக் கேக்காதேங்கோ. தம்பி கணக்குப் போட்டு வைச்சிருக்கிறான்."